ஆயிரம் மணிக்கூர்

"இப்ப எத்தற மணிக்கூர் ஆச்சு மக்கா?"

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜெர்மனியிலிருந்து மகள் ஜிஷா போனில் தெரிந்ததும் ரெத்தினதாஸ் கேட்கும் முதல் கேள்வி இதுதான்.

"மோளு தின்னாளாண்ணு கேக்காம கண்ணாடிக்குச் சொகமாண்ணு கேக்குதிய," என்றாள் மனைவி நேசம்.

காரணம் உண்டு. நகத்தளவு கண்ணாடியில் ஜிஷா செய்யும் சோலார் செல் விளக்கடியில் ஆயிரம் மணி நேரம் தாங்கினால் அவள் ஆராய்ச்சி முடியும். ஊருக்கு வருவாள். அவளைத் தொட்டுப் பார்த்து மூன்று வருடம் ஆகிறது. மற்றவர்கள் அதில் ஈயம் போடுவார்கள். அவள் போடுவது, பாத்திரத்துக்குப் பூசுகிற வெள்ளீயம். அதற்குக் காற்று ஆகாது. துளி புகுந்தாலும் கண்ணாடிமேல் பூசிய கறுப்புப் படலம் வெளுத்துவிடும். எண்ணிக்கை திரும்ப ஒன்றிலிருந்து. ஒரு தடவை இருநூற்றுப் பத்தில் செத்தது. இன்னொரு தடவை நானூற்றில். பாறசாலை சந்தைக்கு நடக்கும்போதும் ரெத்தினதாஸ் மனதுக்குள் மணிக்கூர் கூட்டிக்கொண்டிருப்பார். இந்த முறை அறுநூற்றைத் தாண்டியதும் நேசம் ஜிஷாவின் முறியில் கட்டில்மேல் புது விரிப்பே விரித்துவிட்டாள்.

இன்று அந்தக் கேள்விக்கு ஜிஷா கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"போச்சா?"

"வியாழக்கிழமை போச்சுப்பா. அறுநூத்தி நாப்பதில."

நேசம் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"எனக்க கைடு சார் ஒரு வழி சொல்லுதாரு. பாதிக்குப் பாதி ஈயம் கலந்தா தாங்குமாம். கிறிஸ்மஸுக்கு நான் அங்க நிப்பேன். நீங்க சொல்லுங்கப்பா, கலக்கட்டா?"

"கலக்கு மக்கா," என்றாள் நேசம். "நகத்தளவுதானே, என்ன வந்திரப் போவுது?"

சரி என்ற சொல் ரெத்தினதாஸின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. மாநில எல்லைக்கு அப்புறம் ஒரு ஷெட்டில் பதினெட்டு வருடம் கோடாலியால் பழைய பேட்டரி பிளந்து, ஈயத்தகடு பிடுங்கி உருக்கிய கைதான் போனைப் பிடித்திருந்தது. அந்தக் கையின் தீராத நடுக்கத்தில் திரையில் மகள் முகமும் ஆடிக்கொண்டே இருந்தது. கூட உருக்கிய அப்புக்குட்டனுக்கு இப்போது கை எழும்புவதேயில்லை.

"ஷெட்டுக்காரனும் கொஞ்சந்தானேண்ணுதான் சொன்னான். அது விஷமாக்கும். போடாண்டாம்."

"அப்ப இன்னும் ஒரு வருஷம் ஆவும்பா."

"ஆவட்டு. புதுசு வச்சிட்டியா?"

"நேத்து சாயங்காலம் வச்சேன்."

"எத்தற ஆச்சு?"

"பதினாறு."

போன் அணைந்தது. நேசம் எழுந்து முறிக்குள் போனாள்.

"விரிப்பை எடுக்காத," என்றார் ரெத்தினதாஸ். "கெடக்கட்டு."

போனை மடியில் வைத்துக்கொண்டு, பதினேழு ஆகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தார்.