பூர்ணிமாவின் ஞாயிறு

வேதபாடம் வாசிக்க ஜெபக்கனி எழுந்தபோது கீழே ஹார்டுவேர் கடையில் யாரோ இரும்புக் குழாயை அறுத்துக்கொண்டிருந்தார்கள். இருங்காட்டுக்கோட்டையில் அந்தக் கடைக்கு மேலே இருக்கும் தகரக்கூரைக் கூடம்தான் சபை. கீழே பெயின்ட் டப்பா, மேலே பரலோகம் என்று பையன்கள் கேலி பேசுவார்கள். வருகிறவர்கள் எல்லாருமே தெற்கத்திப் பிள்ளைகள். நாசரேத், சாத்தான்குளம், திசையன்விளை என்று ஊரை விட்டு வந்து சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் வேலை பார்த்துக்கொண்டு, ஒரே அறையில் அடைந்து கிடக்கிறவர்கள். பாதிப் பேர் ஷிஃப்ட் முடித்துக் குளிக்க நேரமில்லாமல் வந்து, ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் அப்படியே தூங்கிவிடுவார்கள். பாஸ்டர் அய்யாத்துரை அதைக் கண்டுகொள்வதில்லை.

இன்றைய பகுதி எரேமியா. ராஜாக்கள் போய்வருகிற வாசலில் போய் நின்று சொல் என்று கர்த்தர் தீர்க்கதரிசியை அனுப்புகிறார். ஓய்வுநாளைப் பரிசுத்தமாக வைத்துக்கொள்ளச் சொல். அன்று ஒருவரும் சுமை சுமந்துகொண்டு இந்த வாசல் வழியாக வரக் கூடாது என்று சொல். ஜெபக்கனிக்குக் கணீரென்ற குரல். அதனால்தான் வாசிக்கும் வேலை எப்போதும் அவளுக்கே வரும். ஆனால் வாசல் என்ற சொல் வந்த இடத்தில் அவளுக்குக் கம்பெனி வாசல் தெரிந்தது. காலை ஷிஃப்டுக்கு டிபன் பையோடு உள்ளே போகும் பூர்ணிமாக்கா தெரிந்தாள். ஒரு வரியை இரண்டு முறை வாசித்துவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை.

பூர்ணிமா வாலாஜாபாத்துக்காரி. செல்போன் கம்பெனியில் இருவருக்கும் ஒரே லைன், ஒரே வேலை. போனுக்கு முன்பக்க மூடியைப் பொருத்தி, தட்டிப் பார்த்து அடுத்தவளுக்குத் தள்ள வேண்டும். கம்பெனிக்கு ஏழு நாளும் ஒன்றுதான். ஆளுக்கு ஒரு நாள் ஓய்வு, அது எந்த நாள் என்பது சூப்பர்வைசர் கையில். மூத்தவள் என்பதால் பூர்ணிமாவுக்கு ஞாயிறு. ஜெபக்கனிக்குப் புதன். சேர்ந்த புதிதில் ஜெபக்கனி சூப்பர்வைசர் மோகன்ராஜிடம் போய் அழாத குறையாகக் கேட்டாள். "ஆளுக்கு ஆள் மாத்திக்கினா எனக்கு இன்னா?" என்றார் அவர். அவள் பூர்ணிமாவிடம் வந்தாள். பூர்ணிமா கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"சாமி விசயம்னு சொல்ற. அதுல நான் குறுக்க நிக்கக் கூடாது. நீ போய்க்கோ, எனக்குப் புதன்கிழமை போதும்."

புதன்கிழமை பூர்ணிமாவின் கணவர் வேலைக்குப் போயிருப்பார். பாப்பா பள்ளிக்கூடத்தில் இருப்பாள். இது ஜெபக்கனிக்குத் தெரியாததல்ல. ஆனால் அந்த வாரமே சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். சூப்பர்வைசரின் மனதைக் கர்த்தர் திருப்பினார், ஓய்வுநாளுக்கு வழி திறந்தார் என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். பூர்ணிமாவின் பெயர் அந்தச் சாட்சியில் வரவேயில்லை. வேண்டுமென்று மறைக்கவில்லை. அது சொல்ல வேண்டிய ஒரு பெயராக அப்போது அவளுக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான். இப்போது யோசித்தால் மறைத்திருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

போன வாரம் கம்பெனி பஸ்ஸில் பூர்ணிமா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கனி, வர்ற ஞாயித்துக்கிழம ஒண்ணு மட்டும் நீ வேலைக்கு வர்றியா? பாப்பாவுக்குக் காது குத்துறோம். எங்க அண்ணன் மடியில வெச்சு. எல்லாருக்கும் அன்னிக்குதான் லீவு. மோகன்ராஜ் சாரை லீவு கேட்டேன், ஆளு இல்லன்னுட்டாரு."

"எக்கா, அது ஓய்வுநாளுல்லா. அன்னைக்கு நான் வேல செய்யக் கூடாது. சாட்சி வேற சொல்லிட்டேன்."

பூர்ணிமா கோபப்படவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "அப்பச் சரி. சாமி விசயம்," என்று மட்டும் சொன்னாள். அன்று சாயங்காலம் ஜெபக்கனி அறையில் இருந்த பிள்ளைகளிடம், இன்றைக்கு எனக்கு ஒரு சோதனை வந்தது, நான் அசையவில்லை என்று சொன்னாள். சந்தோஷமாகத்தான் சொன்னாள். அந்தச் சந்தோஷம் இப்போது நினைவுக்கு வந்ததும் உடம்பெல்லாம் கூசியது.

பாஸ்டர் பிரசங்கத்தைத் தொடங்கியிருந்தார். "ஓவர்டைம் ஓவர்டைம்னு ஓடுதியளே, நம்ம கனியப் பாருங்க. ஒரு ஞாயித்துக்கிழம விட்டுக் குடுத்திருக்காளா? வைராக்கியம்னா அது." எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஜெபக்கனி தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கம் என்று நினைத்திருப்பார்கள். அவளுக்குச் சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த கட்டளை உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. நீ ஓய்ந்திரு என்பதோடு அது நிற்பதில்லை. உன் வேலைக்காரன், வேலைக்காரி, உன் மாடு, உன் வாசலுக்குள் இருக்கிற அந்நியன் என்று நீளும். ஒப்பித்துப் பரிசாக ஒரு பேனா வாங்கியிருக்கிறாள். மாட்டுக்குக்கூட அதில் இடம் இருந்தது. பூர்ணிமாக்காவுக்கு அவள் இடம் விடவில்லை. தன் சுமையை அவள் தலையில் ஏற்றி அனுப்பிவிட்டு, வெறுங்கையோடு வந்து உட்கார்ந்துகொண்டு பரிசுத்தமாக இருக்கிறாள்.

எழுந்தாள். பாத்ரூமுக்குப் போகிறாள் என்று ஆள் ஆளாகக் காலை ஒதுக்கி வழி விட்டார்கள். படியிறங்கிச் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டதும் ஓடத் தொடங்கினாள்.

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி ரங்கநாதன் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போன் செய்தார். மோகன்ராஜ் வெளியே வந்தார். "இன்னாம்மா, இன்னிக்கி உனக்கு சர்ச்சாச்சே?"

"சார், பூர்ணிமாக்காவ அனுப்பிருங்க. அவுக எடத்துல நான் நிக்கேன்."

"நடு ஷிஃப்ட்லயா? வெளையாடுறியா?"

"அவுக பிள்ளைக்குக் காதுகுத்து சார். என்னாலதான் போவல." குரல் உடைந்துவிட்டது. எதற்கு அழுகிறாள் என்று மோகன்ராஜுக்குப் புரியவில்லை. ஆனால் பெண்பிள்ளை வாசலில் நின்று அழுதால் அவருக்குக் கை கால் ஓடாது. "சரி சரி, நீ கார்டு போட்டு உள்ள வா. அவள வரச் சொல்றேன். இன்னியோட சரி, தெனம் இப்டி வந்து நிக்காத."

வேதப்புத்தக உறைக்குள் எப்போதும் செருகியிருக்கும் கார்டை எடுத்துத் தேய்த்துச் சுழல்கதவுக்கு உள்ளே வந்து நின்றாள். பூர்ணிமா தலைத்தொப்பியைக் கழற்றியபடியே வந்தாள். கம்பெனிக் கோட்டும் நெற்றியில் தொப்பி அழுத்திய தடமுமாக, முதலில் பயந்துபோன முகம். "இன்னா கனி? யாருக்கு இன்னா?"

"ஒண்ணுமில்லக்கா. நீங்க போங்க. காதுகுத்துக்குப் போங்க."

பூர்ணிமா சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். "நல்ல நேரம் முடியப் போவுது. நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் ஆயிடும்." பிறகுதான் ஜெபக்கனியின் வெள்ளைச் சுடிதாரையும் கையில் இருந்த வேதப்புத்தகத்தையும் கவனித்தாள். "கோயில்லேந்து அப்டியே வந்தியா? இன்னிக்கி வேல செஞ்சா உங்க சாமிக்கு ஆவாதேடி. ஏதாச்சும் தப்பாயிடப் போவுது."

அவள் நிஜமாகவே கவலைப்பட்டுக் கேட்டாள். திட்டியிருந்தால் ஜெபக்கனி தாங்கியிருப்பாள். "நான்தான்க்கா தப்பு பண்ணுனேன். என்னைய மன்னிச்சிருங்கக்கா."

"அதெல்லாம் அப்பால பேசிக்கலாம். கோட்டைப் புடி." கோட்டைக் கழற்றி ஜெபக்கனியின் கையில் திணித்துவிட்டுக் கதவைத் தாண்டி வெளியே போனாள். வேலை நேரத்தில் செல்போனை உள்ளே விடமாட்டார்கள். செக்யூரிட்டி அறையிலிருந்து தன் போனை வாங்கி, ஆன் செய்து, அழைத்தாள். நின்ற இடத்திலிருந்தே ஜெபக்கனிக்குப் போனில் அந்தப் பக்கத்துச் சத்தம் கேட்டது. மேளம் ஒன்றும் இல்லை. குழந்தை வீறிட்டு அழுதது.

பூர்ணிமா கேட்டுக்கொண்டே நின்றாள். சுழல்கதவுக் கம்பிக்கு இந்தப் பக்கம் திரும்பி, "ஒரு காது குத்திட்டாங்களாம்," என்றாள். "இன்னொண்ணு அம்மா வந்தாதான்னு கைய வெச்சு மூடிக்கினு கீறாளாம்." பிறகு போனில் கத்தினாள். "காது குத்துற பத்தரைப் போவ வுடாதீங்க! நேரம் போனா போவட்டும்! பாப்பா, அம்மா வந்துகினே கீறேன், மாமா மடியிலயே உக்காரும்மா!"

ஓடினாள். "உள்ள போம்மா, லைன்ல ஆள் இல்லன்னு சத்தம் போடுறாங்க," என்றார் ரங்கநாதன். ஜெபக்கனி சூடு ஆறாத கோட்டைப் பிடித்தபடி நகராமல் நின்றாள். நெடுஞ்சாலை ஓரத்தில் பூர்ணிமா ஒரு கையால் போனைக் காதில் அழுத்திக்கொண்டு, மறு கையை வருகிற வண்டிக்கெல்லாம் நீட்டினாள். ஷேர் ஆட்டோ ஒன்று ஆள் நிறைந்து நிற்காமல் போயிற்று. பின்னால் கார் ஏற்றிய நீளமான லாரி வந்தது. அதற்கும் கை நீட்டிவிட்டு, அது கடந்ததும் புழுதிக்குள் ஓடிக்கொண்டே பிள்ளையிடம் ஏதோ சொல்லிக்கொண்டு போனாள்.