ராஜா போகாத நாடகம்

பரிமளத்துக்கு ராணியாக நிற்க ஆசை. கண்டியில், அம்பிட்டியப் பக்கத்துக் குன்றின் மேலிருந்த அந்த ஆசிரியர் கலாசாலையில் சேர்ந்த முதல் வாரமே பிடித்த ஆசை அது. எழுபதுகளின் ஆரம்பம். அங்கே பாடம் நடத்தக் கற்றுக்கொடுத்தார்களோ இல்லையோ, வருடம் தவறாமல் நாடகம் போட்டார்கள். கண்டி டவுன் கடைக்காரர்கள் குடும்பத்தோடு பஸ் ஏறி வந்து பார்ப்பார்கள்.

நாடகம் எழுதிப் பழக்குபவர் விரிவுரையாளர் மயில்வாகனம், யாழ்ப்பாணத்துக்காரர். செந்தமிழ் என்றால் அவருக்கு உயிர். வத்தேகமவில் கடைக் கணக்கப்பிள்ளையாக இருந்தவரின் மகளான பரிமளத்தை இரண்டு வரி வாசிக்கவிட்டுக் கேட்டார்.

"குரல் நல்லாத்தான் கிடக்கு, பிள்ளை. பேச்சுத்தான் சரிவராது" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

ராணி வேஷம் கூடப் படித்த ஞானேஸ்வரிக்குப் போனது. பரிமளத்துக்குக் கிடைத்தது நாடகம் எழுதிய ஒரு கொப்பியும், திரைக்குப் பின்னால் உட்கார ஒரு கதிரையும். யாராவது வசனத்தை மறந்தால் மெதுவாக எடுத்துக்கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் உத்தியோகம்.

அழுதாள். அப்புறம் அந்தக் கொப்பி முழுவதையும் மனப்பாடம் செய்தாள். ஒத்திகை நடக்கும் சாயங்காலங்களில் மலையிலிருந்து பனி இறங்கி, கேட்பாரில்லாமல் ஜன்னல் வழியே மண்டபத்துக்குள் வந்துவிடும். அதற்குள் ஞானேஸ்வரியின் உருவம் கரைந்து குரல் மட்டும் மிதக்கும். கரைந்த இடத்தில் பரிமளம் தன்னை நிறுத்திப் பார்ப்பாள். நன்றாகத்தான் பொருந்தியது, யாரிடம் போய்ச் சொல்வது?

நாடகத்தன்று பின்னேரம் மூன்று மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. கடைசிக் காட்சி. ராஜா நாட்டைத் துறந்து போகிறார், ராணி தடுக்கிறாள், அவர் கேட்காமல் போய்விடுகிறார், திரை. ராஜாவாக வந்தவன் கெலிஓயா ஊர்க்காரன் ஹபீல். அட்டைக் கிரீடத்தோடு அவன் திரும்பி நடக்க, ஞானேஸ்வரி வாயைத் திறந்தாள். வசனம் வரவில்லை.

கொப்பியில் இருந்தது, "நாதா, எம்மைத் தனியே விடுத்து ஏகுதல் தகுமோ?"

பரிமளம் அதைத்தான் சொல்ல நினைத்தாள். ஆனால் தகரக் கூரையில் விழுந்த மழை அவளை எங்கேயோ கொண்டுபோயிருந்தது. இரண்டு அரசாங்கமும் போட்ட ஒப்பந்தம் என்று சொல்லி எங்கள் மலையகச் சனத்தை இந்தியாவுக்கு அனுப்பிக்கொண்டிருந்த காலம். போன மாதம்தான் கண்டி ஸ்டேஷனில் அக்காவைக் கோச்சி ஏற்றி அனுப்பியிருந்தாள். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு அன்றைக்குக் கதறியதே இப்போதும் வாயில் வந்தது.

"எங்கள விட்டுட்டுப் போறீங்களே... எப்பங்க வருவீங்க?"

ஞானேஸ்வரி பாவம், காதில் விழுந்ததை அப்படியே சொல்லிவிட்டாள்.

பின்வரிசையில் ஒரு பெண், "போவாதீங்க சாமி!" என்று கத்தினாள். அவளைப் பார்த்து இன்னொருத்தி அழ, கொஞ்ச நேரத்தில் ஒரு வரிசையே மூக்கைச் சிந்தியது. ஹபீலுக்குக் கால் எழவில்லை. போக வேண்டிய ராஜா நடுமேடையில் நின்றுகொண்டு திரைப்பக்கம் தலையைச் சாய்த்து, அடுத்து என்ன சொல்வதென்று கிசுகிசுத்தான்.

"பரிமளம், நான் இப்ப என்னத்த செல்ற?"

அதற்குமேல் கொப்பியில் ஒன்றுமில்லை. அவள் கொப்பியை மூடினாள். கண்ணையும் மூடினாள். ராஜாவுக்கு ஒரு பேச்சு, ராணிக்கு ஒரு பேச்சு என்று மெல்ல மெல்லச் சொன்னாள். அவள் சொல்லச் சொல்ல அவர்கள் பேசினார்கள். அக்காவிடம் கேட்க முடியாததையெல்லாம் ராணி கேட்டாள். அக்கா சொல்லாத பதிலையெல்லாம் ராஜா சொன்னான். "போகல, எங்கயும் போகல" என்று அவன் கிரீடத்தைக் கழற்றிக் கீழே வைத்தபோது திரை விழுந்தது.

கைதட்டல் ஓய்ந்ததும் மயில்வாகனம் பின்னால் வந்தார். முகத்தில் ஈயாடவில்லை. ஆறு மாதம் உட்கார்ந்து எழுதிய நாடகமல்லவா! பரிமளம் கொப்பியை நீட்டிக்கொண்டு எழுந்தாள்.

"ஆர் எழுதினது அது?"

"யாரும் எழுதலைங்க சேர். வாயில வந்திருச்சுங்க."

அவர் கொப்பியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "அடுத்த கிழமை டவுனில போடுறம். ராணியா நீர் நில்லும்" என்றார்.

பரிமளத்துக்கு நெஞ்சு நிறைந்தது. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டாள்.

"கொப்பியில இருக்கிறபடியே பேசுறதாங்க சேர்?"

"என்ர தமிழில சொன்னா ராசா போயிடுவான், பிள்ளை" என்றார் மயில்வாகனம். "உம்மட தமிழிலயே சொல்லும்."