மன்னிப்புக் கேட்ட தச்சன்

ஏதென்ஸ் சந்தைத் திடலில் நாடகம் பார்க்கக் கட்டியிருந்த மரப்படிகள், எங்கள் ஊரில் இக்ரியா என்போம், சடசடவென்று சரிந்தன. எல்லோரும் எழுந்து ஓடினார்கள். பிலாக்ரோஸ் மட்டும் அடியில் கிடந்தான். முறிந்த கால்மரம் ஒன்று வயிற்றைத் துளைத்து முதுகில் எட்டிப் பார்த்தது. உயிர் இன்னும் இருந்தது.

படி கட்டிய தச்சன் யூமேலோஸ் ஓடி வந்தான். பிலாக்ரோஸின் தம்பி திராக்கேஸ் அவன் தாடியைப் பிடித்து இழுத்து முகத்தில் குத்தினான். இரண்டு பற்கள் தெறித்தன.

"படியா கட்டுனே, பாடையா கட்டுனே? எங்கண்ணன் செத்தா அதே கட்டையில உன்னையும் சொருகுவேன்!"

"நான் அடிச்ச ஆப்பு கழண்டதே இல்லைங்க!"

"ஆப்பு கழலாது, உன் தலை கழலும்!" என்றான் கூட்டத்தில் ஒருவன். சிரித்தார்கள்.

யூமேலோஸுக்கு ஒரே வழிதான் தெரிந்தது. சாகிறவன் சாட்சிகள் முன் மன்னித்துவிட்டால், அதன்பின் எந்த உறவுக்காரனும் பழிகேட்க முடியாது. திராக்கேஸின் கையைக் கடித்து உதறிவிட்டுப் பலகைகளுக்குள் தவழ்ந்தான். கூரான மரச்சிம்பு ஒன்று தோளைக் கிழித்தது.

"ஐயா, என்னை மன்னிச்சேன்னு சத்தமா சொல்லிடுங்க. புள்ளகுட்டிக்காரன்."

பிலாக்ரோஸ் கண்ணைத் திறந்தான். "தானா விழுந்துச்சுன்னுல்ல நெனச்சேன்... மன்னிப்பு கேக்குறியே. அப்போ நீதானா?"

"ஐயோ, இல்லைங்க..."

"தம்பி! இவனை விடாதே!" ரத்தம் கொப்பளித்தது. தலை சாய்ந்தது.

காலைப் பிடித்து யூமேலோஸை வெளியே இழுத்தார்கள். உதை விழுந்த வேகத்தில் விலா எலும்பு முறிந்தது. திராக்கேஸின் சகாக்கள் குளிருக்கு மூட்டியிருந்த நெருப்பருகே அவன் முகம் போய் மோதியது. அங்கே பாதி எரிந்து கிடந்தது, படிகளைத் தாங்கிய முட்டுச்சட்டம். அவன் அடித்த ஆப்பு அதில் அப்படியே இருந்தது.

"பாருங்க! என் முட்டு! இதை உருவி எரிச்சது யாரு?"

சகாக்கள் பின்வாங்கினார்கள். திராக்கேஸ் நெருப்பைப் பார்த்தான். முகம் வெளுத்தது. பிறகு காலால் சட்டத்தை நெருப்பின் நடுவே தள்ளினான்.

"செத்தவன் சொன்னதை ஊரே கேட்டுச்சு. உனக்கு இனிமே என்னடா பேச்சு?"

விறகு பிளக்க அங்கே கிடந்த கோடரியை எடுத்து ஓங்கினான். யூமேலோஸ் எரிகிற சட்டத்தையே பிடுங்கி அவன் முழங்காலில் விளாசினான். உள்ளங்கைத் தோல் மரத்தோடு உரிந்தது. திராக்கேஸ் அலறி விழுந்த நொடியில், கும்பலைப் பிளந்து ஓடி, பன்னிரு தெய்வங்களின் பலிபீடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

துரத்தியவர்கள் ஒரு முழம் தள்ளி நின்றார்கள். அந்தக் கல்லைத் தொட்டவன்மேல் யாரும் கைவைக்க முடியாது.

திராக்கேஸ் நொண்டிக்கொண்டு வந்தான். எதிரே உட்கார்ந்து கோடரியை மடியில் கிடத்தினான்.

"தாகம் எடுக்கும்ல தச்சா? கையை எடுப்பேல்ல? நான் இங்கதான் இருக்கேன்."