சிவப்புக் காரில் இரண்டு மச்சான்மார்

கொழும்புக் கம்பனிக்காரர் புதுக் கார்களை லொறியில் ஏற்றிக்கொண்டு கல்முனைக்கு வந்த அன்று ஊரில் பாதிப்பேர் வயல்வெளியில் நின்றார்கள். நானும் போனேன். மற்றவர்கள் கார் பார்க்கப் போனார்கள். நான் காரில் ஒரு பிழை பிடிக்கப் போனேன்.

என் பெயர் நூஹு. எழுபத்தாறில் சவூதிக்கு டிரைவராகப் போனவன். எனக்குக் கீழே மூன்று தங்கச்சிமார். மாப்பிள்ளை வந்து இருக்க வீடில்லாமல் எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குக் கலியாணம் இல்லை. அந்த வீட்டைக் கட்டிக் கொடுக்காமல் அவளுடைய அண்ணன்மாரான காக்காமாருக்கும் கலியாணம் இல்லை. மூத்தவளுக்கு ஒரு வீடு, நடுவிலாளுக்கு ஒரு வீடு, கடைசியாக நஸீறாவுக்கு ஒரு வீடு என்று கட்டி முடித்துவிட்டுத்தான் இந்தமுறை ஊருக்கு வந்தேன். இனிப் போவதில்லை என்று பெட்டியின் கயிற்றை அறுத்து உம்மாவிடம் ஆடு கட்டக் கொடுத்தாயிற்று. அவ்வளவு களைத்துப் போயிருந்தேன்.

எனக்கும் மருதமுனையில் பேசியிருந்தது. பெண்ணின் பெயர் றாஹிலா. அவளுக்குக் கட்டிய வீடு பூட்டியபடி என்னைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. நான் இன்னொரு தடவை சவூதிக்குப் போனால் காத்திருக்க ஏலாது என்று அவளுடைய வாப்பா முடிவாகச் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் குற்றமில்லை. எவ்வளவு காலத்துக்குத்தான் ஒரு பெண்ணை வைத்துக்கொண்டிருப்பது?

நஸீறாவின் நிக்காஹ்வுக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளையின் தாய் சல்மா உம்மா புதிதாக ஒன்று கேட்டனுப்பினாள். கார் வேணுமாம். அதுவும் கண்ட கார் இல்லை, பத்திரிகையில் படம் போட்டிருந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். மாப்பிள்ளை ஜவுபர் ஓவசியர் வேலை பார்க்கிறவன், சைக்கிளில் போய் வருகிறவன். காற்சட்டைக் கால் செயினில் படாமல் கிளிப் போட்டுக்கொண்டு திரிகிற ஆளுக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

வாப்பா அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. “வயல ஈட்டுக்கு வெச்சிக் கார எடுப்பம். நீ ஒருக்காப் போய் வந்தியெண்டா மீட்டுறலாம்” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்காமல் கிணற்றைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு இந்த யோசனை வந்தது. காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, இது உருப்படாத கார் என்று நான் சொன்னால் போதும். சவூதியில் ஓட்டின டிரைவர் சொன்னால் ஊரில் யாரும் மறுத்துக் கதைக்கமாட்டார்கள். சம்மந்திக்கும் மரியாதைக் குறைவில்லை. கார்ப் பேச்சு அப்படியே ஆறிவிடும், நிக்காஹ் நடந்துவிடும், நான் மருதமுனைக்குப் போய்விடலாம்.

பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்த வெளி. நடுவே புதிதாகப் போட்ட நேர் றோட்டு. அதை இரண்டு பக்கமும் கயிறு கட்டி மறித்து, தூரத்தில் ஒரு தார்ப் பீப்பாவை வைத்திருந்தார்கள். ஓடிப்போய்ப் பீப்பாவைச் சுற்றித் திரும்பி வரவேண்டும். ஒலிபெருக்கியில் ஒருவன் கார்களின் பெருமையைத் தூய தமிழில் வாசித்துக்கொண்டிருந்தான், ஒருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு முன்னால், வயல் வாய்க்கால் நிறைய வைத்திருக்கிற அச்சிமுகம்மது போடியார் சிவப்புக் காரில் ஏறினார். கிணற்றுக்குள் இறங்குகிற மாதிரித்தான் இறங்கினார். திரும்பி வந்து வெளியே வரப் பார்த்தால் அவர் வந்துவிட்டார், இடுப்பில் கட்டிய சாரம் வரமாட்டேன் என்கிறது. இரண்டு பேர் ஆளையும் சாரத்தையும் சேர்த்து இழுத்தெடுத்தார்கள். வயல் முழுக்கச் சிரித்தது.

“நீங்களும் ஏறுங்க மாப்பிள்ள” என்று வாப்பா ஜவுபரைப் பக்கத்து ஆசனத்தில் ஏற்றிவிட்டார். கழுத்துப்பட்டி கட்டிய கம்பனிக்காரர் சாவியை என்னிடம் தந்து, கதவைச் சாத்தினார்.

புறப்பட்ட உடனே என் வலதுகை கியரைத் தேடிப்போய்க் கதவில் இடித்தது. சவூதியில் ஸ்டேரிங் இடது பக்கம், கியர் வலது கையில். இத்தனை வருடம் ஓட்டிய கைக்கு ஊருக்கு வந்தது இன்னும் தெரியவில்லை. ஜவுபர் அதைப் பார்த்தான். அவனுடைய உதடுகள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தன.

நான் பிழைகளைத் தேடினேன். ஆசனம் தரையோடு கிடக்கிறது. மாரி வந்தால் எங்கள் றோட்டுக் கிடங்கு குழிகளில் அடி தட்டும். இரண்டு பேர் இருக்கத்தான் இடம், பிள்ளை பிறந்தால் எங்கே வைப்பது? போதும் போதும் என்கிற அளவுக்குப் பிழை கிடைத்தது. பீப்பாவைச் சுற்றித் திருப்பி, காரை ஓரமாக நிறுத்தினேன். அங்கே நின்று பார்த்தால் சனம் பூச்சி மாதிரித் தெரிந்தது.

“நீங்க ஒருக்கா ஓட்டிப் பாருங்க” என்றேன். “ஒங்கட கார்தானே.”

“எனக்கு ஓட்டத் தெரியா மச்சான்.”

“பழகலாம்.”

“பழகி என்ன செய்யிற? இந்தக் கார் என்கிட்ட நிக்கப் போறல்ல.”

நான் எஞ்சினை நிறுத்தினேன். அவன் முழங்கால்களைத் தடவிக்கொண்டு சொன்னான்.

“என்ட தங்கச்சி றாபியாக்குப் பேசின எடத்தில இந்தக் காரத்தான் கேக்காங்க. இந்தச் செவப்புத்தான் வேணுமாம். நான் ஓவசியர் வேலையில ஊடு கட்டி முடிச்சதே பெரிய பாடு, காருக்கு எங்க போற? அதான் உம்மா ஒங்கட ஊட்ட கேட்டனுப்பின. வெளிய சொல்ல வெக்கத்தில, எனக்கெண்டு கேட்டிரிக்கா.”

ஒரு வயலை ஈடு வைத்து வாங்குகிற கார். அது நஸீறாவின் வீட்டு வாசலில் ஒரு நாள் நின்றுவிட்டு, அடுத்த நாள் றாபியாவின் வாசலுக்குப் போகப்போகிறது.

“அந்த மாப்பிள்ளைக்காவது ஓட்டத் தெரியுமா?” என்று கேட்டேன்.

“அவனுக்கு ரெண்டு தங்கச்சி இரிக்கி மச்சான்” என்றான் ஜவுபர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரம் சிரித்தேன், அவனும் சிரித்தான். பிறகு இரண்டு பேரும் சிரிப்பை விட்டுவிட்டோம்.

“கார் நல்லமில்லெண்டு சொல்லத்தானே வந்திருக்கீங்க?” என்றான்.

“ஆர் சொன்ன?”

“ஆரும் சொல்லல்ல. நானெண்டாலும் அப்படித்தான் செய்வன்.” தூரத்தில் நின்ற சனத்தைப் பார்த்துக்கொண்டு, “நீங்க சொல்லுங்க, நான் ஒங்களக் குறையா நெனைக்கமாட்டன். ஆனா றாபியாட காரியம் முடியாம நான் எப்படி நிக்காஹ் செய்யிற? நஸீறாவும் அதுவரைக்கும் காத்திருக்கத்தான் வேணும். அத மட்டும் தெரிஞ்சிக்கிட்டுச் சொல்லுங்க” என்றான்.

அவன் கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எனக்குக் கோபித்துக்கொள்ள வசதியாக இருந்திருக்கும். கேட்டுக் கேட்டு அலுத்தவனின் குரல் அது. அந்தக் குரல் எனக்கு நன்றாகத் தெரியும், கடிதம் எழுதும்போதெல்லாம் எனக்குள் கேட்கிற குரல்.

“மருதமுன ஊடு முடிஞ்சா மச்சான்?” என்று பேச்சை மாற்றினான்.

“முடிஞ்சி பூட்டிக் கிடக்கு.”

“கட்டின ஆரு?”

“றாஹிலாட காக்கா. குவைத்தில இரிக்கான்.”

“அவருக்குக் கலியாணம் முடிஞ்சா?”

“தெரியா” என்றேன்.

உண்மையாகவே தெரியாது. அந்த வீட்டின் கதவுக்கு என்ன நிறம் என்று எனக்குத் தெரியும். நிலத்துக்குச் சிவப்புச் சீமெந்து போட்டு மினுக்கியிருக்கிறார்கள் என்று தெரியும். கிணறு எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியும். குவைத்தில் இருந்து அதைக் கட்டியவன் எப்படி இருப்பான், எத்தனை வயது, அவனுக்கென்று யாராவது பெண் எங்கேயாவது காத்திருக்கிறாளா, ஒன்றும் தெரியாது. நான் கேட்டதே இல்லை. எனக்கு வரவேண்டியது எனக்கு வருகிறது என்று இருந்துவிட்டேன்.

ஆத்திரம் வந்தது. யார் மேல் என்றுதான் பிடிபடவில்லை. காரை எழுப்பி அக்ஸிலேட்டரை மிதித்தேன். ஜவுபர் “யா அல்லாஹ்” என்று இருக்கையைப் பிடித்துக்கொண்டான். இரண்டு பக்கமும் வெட்டின வயல் பின்னால் ஓடியது. கார் ஒரு சின்ன முனகல்கூட இல்லாமல் போனது. நான் ஓட்டின காரில் எல்லாம் எப்போதும் பின்னால் ஒரு முதலாளி இருந்தார், கெதியாப் போ என்பார், மெதுவாப் போ என்பார். இதில் பின்னால் இருக்க ஆசனமே இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்தக் கொஞ்ச நேரமும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கை கதவில் இடிக்கவும் இல்லை.

கயிறு கட்டிய இடத்தில் நிறுத்திவிட்டு இறங்கினேன். வாப்பா குடையோடு முன்னால் வந்தார். கம்பனிக்காரர் சிரித்தபடி நின்றார். போடியார் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தார்.

“எப்பிடி மகன்?” என்றார் வாப்பா.

“நல்ல கார் வாப்பா.”

வாப்பாவின் முகம் விழுந்துவிட்டது. நான் அதை எதிர்பார்க்கவில்லை. அவரும் நான் பிழை சொல்வேன் என்று நம்பித்தான் என்னைக் கூட்டிவந்திருக்கிறார். வயலுக்காகவோ எனக்காகவோ, இரண்டுக்காகவுமோ தெரியாது.

“வடிவாப் பாத்தியா?” என்று மெல்லக் கேட்டார். “பள்ளத்தில அடி கிடி தட்டல்லியா? தட்டினாச் சொல்லு. வெக்கமில்ல.”

“ஒண்டும் தட்டல்ல வாப்பா. எடுங்க. நான் இன்னொருக்கா சவூதிக்குப் போறன்.”

அவர் குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

“மருதமுனைக்கு ஆள் அனுப்புங்க” என்றேன். “றாஹிலாக்கு வேற எடம் பாக்கச் சொல்லுங்க. ஊடு இரிக்கிதானே, கெதியா வரும். அவட காக்காக்கும் என்ட சலாத்தச் சொல்லச் சொல்லுங்க.”

வாப்பா கிட்ட வந்தார். குடையை என் தலைக்கு நேரே பிடித்தார். வெயில் அவருடைய தொப்பியில் விழுந்தது. எனக்கு அழுகை வந்தது, ஊர்ச் சனம் முழுக்க நிற்கிற இடம் என்பதால் அழவில்லை.

கம்பனிக்காரர், கார் எந்தப் பெயருக்கு என்று கேட்டார். வாப்பா ஜவுபரைத் தேடினார். அவன் இன்னும் காருக்குள்தான் இருந்தான். கண்ணாடியைத் தட்டினான், எதையோ திருகினான், தோளால் தள்ளினான். கதவை எப்படித் திறப்பதென்று அவனுக்குத் தெரியவில்லை.

நான் காரைச் சுற்றிப்போய், கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, அவன் இறங்கும்வரை நின்றேன். சவூதியில் நாள்தோறும் செய்த வேலைதான்.