செத்த பிறகு சோப்பு வாங்கியவர்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. காலைத் தேநீரோடு என் மருமகள் சொன்னது. நான் சர்க்கரையைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டுக்கொண்டேன், தேநீரிலும் கதையிலும். அவள் பல்கலைக்கழகத்தில் நவீன நாவல்கள் பாடம் எடுக்கிறாள். நான் ஓய்வு பெற்றவன். உள்ளதை உள்ளபடி சொல்லும் கட்டாயமெல்லாம் அலுவலக நாற்காலியோடு போயிற்று.

"இத மட்டும் எழுதிடாதீங்க மாமா" என்றாள். எழுதுவதென்று அந்த நொடியில்தான் முடிவு செய்தேன்.

2

தொடக்கம் ஒன்று: அறுநூறு மாணவர்கள் மூச்சுவிடாமல் காத்திருந்த அந்த மாபெரும் வகுப்பறையில்…

("பன்னெண்டு பேர் மாமா. அதுல மூணு பேர் தூங்குவாங்க." தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்க்கிறாள்.)

தொடக்கம் இரண்டு: தாள்கள் வெண்புறாக்களைப் போல…

(வேண்டாம். கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு புறாவைப் பறக்கவிட்டாயிற்று.)

தொடக்கம் மூன்று: அந்த வகுப்பில் தடித்த மூக்குக் கண்ணாடி போட்ட மாணவி ஒருத்தி இருந்தாள். சோடாபுட்டி என்று கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். அந்தக் கண்ணாடியில் எப்போதும் ஒரு கட்டைவிரல் ரேகை அப்பியிருக்கும். துடைத்துக்கொள்ளவே மாட்டாள். ஏன் என்பது மூன்றாம் பகுதியில் இருக்கிறது. அதைத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்து நான்கு என்று வந்தால் பதற வேண்டாம்.

4

அந்தப் பருவத்துக்கு மருமகள் வைத்த நாவல் கடைகளில் கிடைக்காதது. அவளிடம் இருந்த பிரதியும் முதுகு விட்டுப்போய், தொட்டால் தாள் தாளாகக் கையோடு வரும். அதை எல்லோருக்கும் நகலெடுத்துவர வகுப்புத் தலைவனை அனுப்பினாள். அவனுக்கு லவுட்ஸ்பீக்கர் என்று பெயர். அவன் ரகசியம் சொன்னால் பக்கத்துக் கட்டடம் தலையாட்டும்.

நகல் கடைப் படியில் அவன் வழுக்கினான். தாள்கள் பதினான்கு மாடி உயரத்துக்கு (சரி, முழங்கால் உயரத்துக்கு) பறந்தன. கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டிருந்தார். அவசர அவசரமாகப் பொறுக்கினான், தட்டினான், நகலெடுத்தான்.

பக்க எண் இல்லையா என்கிறீர்கள். நானும் அதைத்தான் கேட்டேன். எண் தாளின் அடியில். நகல் இயந்திரம் அடி ஓரத்தை மென்று விழுங்கிவிட்டது.

நாவலில் ஒரு மனிதர் காலையில் சோப்பு வாங்கிவருகிறார், குளிக்கிறார், அலுவலகம் போகிறார், மாலையில் வீட்டுப் படியில் விழுந்து இறக்கிறார். ஒரே நாள், அவ்வளவுதான் கதை. நகலிலோ அவர் ஆரம்பத்திலேயே படியில் விழுந்து இறந்தார். அடுத்த தாளில் சோப்பும் கையுமாக உள்ளே வந்து, "துண்ட எங்க வச்ச?" என்று மனைவியைக் கேட்டார்.

மாணவர்கள் கொண்டாடிவிட்டார்கள். நாவலுக்கு எதிர்வினை எழுதச் சொன்னால் அரைப் பக்கம் முனகுகிறவர்கள் அவர்கள். இப்போது ஒருவன், காலத்தின் முதுகெலும்பை ஆசிரியர் முறித்துவிட்டார் என்றான். தாளின் கடைசியில் அறுந்து தொங்கும் வாக்கியங்களைப் பற்றி மட்டுமே ஒருத்தி எட்டுப் பக்கம் எழுதினாள். லவுட்ஸ்பீக்கர் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பு, 'தற்செயலின் அழகியல்'. மனசாட்சி உள்ள பையன்.

சோடாபுட்டி எழுதியது ஒரே பக்கம். அவள் அப்பா மூக்குக் கண்ணாடிக் கடையில் வில்லை தேய்ப்பவர். போன வருடம் ஒரு நாள் வேலைக்குப் போனவர் உயிரோடு திரும்பவில்லை. காலம் எல்லாவற்றையும் ஆற்றிவிடும் என்று வந்தவர் போனவரெல்லாம் சொன்னார்கள். அப்படிச் சொல்லாத ஒரே ஆள் இந்தப் புத்தகம்தான் என்று எழுதியிருந்தாள். 'இறந்தவர் வாசலில் வந்து நின்றால் அழுது ஆர்ப்பாட்டம் செய்ய வேண்டியதில்லை. துண்டை எடுத்துக் கொடுத்தால் போதும்.'

மருமகளும் நகலை வைத்துத்தான் பாடம் நடத்திக்கொண்டிருந்தாள். சோடாபுட்டியின் பக்கத்தைத் துறைக் கருத்தரங்கில் வாசிக்கத் தேர்ந்தெடுத்தாள். நாவலைக் கரைத்துக் குடித்த துறைத் தலைவர் முன்வரிசையில் உட்காரப்போகிற கருத்தரங்கு.

5

கருத்தரங்குக்கு முதல் நாள், துண்டு கேட்கும் வரியைச் சரிபார்க்க சோடாபுட்டி நூலகத்துக்குப் போனாள். வெளியே கொடுக்காத அலமாரியில் ஒரே ஒரு பிரதி இருந்தது. அதில் அந்த மனிதர் கடைசிப் பக்கத்தில் இறந்தார். அடுத்த தாளைப் புரட்டினாள். வெறும் வெள்ளை. அதையும் திருப்பிப் பார்த்தாள்.

லவுட்ஸ்பீக்கரை நடைவழியில் பிடித்தாள்.

"நகலெடுக்கப் போனப்ப தாள கீழ போட்டியா?"

"எந்தத் தாள?"

"டேய்."

"லேசா."

"லேசான்னா?"

"எல்லாத்தையும்."

"அந்தாளு கடைசியிலதான்டா சாகறாரு. செத்தது செத்ததுதான். திரும்பி வரவே இல்ல."

வாழ்நாளில் முதன்முறையாக அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "சாரிடி. நவீன நாவல்னா அப்படித்தான்னு அடிச்சு விட்டுடலாம். எட்டுப் பக்கம் எழுதினவ காதுல மட்டும் போட்டுடாத, கொன்னுடுவா."

"கொன்னா என்ன, அடுத்த தாள்ல எழுந்து வந்துடுவ. போடா."

நேரே மருமகளின் அறைக்குப் போனாள். "நாளைக்கு நான் வாசிக்கல மேடம்" என்றாள். விஷயத்தைச் சொன்னாள். மருமகள் நகலைப் புரட்டினாள், சிரித்தாள், பிறகு சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் விழித்தாள்.

"நான் காலேஜ்ல இத நேரா படிச்சவதான். இந்தத் தடவ படிச்சப்ப, அடடா, இவ்வளவும் அப்ப நமக்குப் புரியாமப் போச்சேன்னு நெனச்சேன்."

"சார் கண்டுபிடிச்சிடுவாரு மேடம்."

"கண்டுபிடிக்கட்டும். வாங்கிக் கட்டிக்கப்போறது நான், அத நான் பாத்துக்கறேன். நீ எதுக்குப் பின்வாங்கற?"

"நான் எழுதினது பொய்யாயிடுச்சு. புத்தகத்துல அவரு வரல. அப்படின்னா எங்கப்பாவும்…"

(இந்த வாக்கியம் தாள் முடிந்ததால் அறுந்ததல்ல.)

மருமகள் நகலை மூடி ஓரமாக வைத்தாளாம். பிறகு சொன்னாளாம்: "கிழிக்கணும்னா கிழி. வாசிக்கணும்னா வாசி. நடந்தத சொல்லிட்டும் வாசிக்கலாம். மைக் முன்னாடி நிக்கப்போறது நீ."

6

முடிவு அ: ஆறாயிரம் பேர் (நாற்பது, மாமா) நிறைந்த அரங்கில் அவள் உண்மையைச் சொல்லிவிட்டு வாசிக்கிறாள். துறைத் தலைவர் எழுந்து நின்று கைதட்டுகிறார். அடித்துவிட்டேன். துறைத் தலைவர்கள் தாமாக எழுந்து நின்று நான் பார்த்ததில்லை.

முடிவு ஆ: ஒன்றும் சொல்லாமல் வாசிக்கிறாள். "இது எந்தப் பதிப்பும்மா?" என்கிறார் தலைவர். பின்வரிசையில் லவுட்ஸ்பீக்கர் மயங்கி விழுகிறான். எழுதும்போது விழுந்து விழுந்து சிரித்தேன். திரும்பப் படித்தால், அந்தச் சிரிப்புக்கு நடுவில் அவள் தனியாக நிற்கிறாள். இதையும் அடித்தேன்.

முடிவு இ: அவள் அந்தப் பக்கத்தை எடுத்துக் குறுக்கே கி…

இல்லை. கை வரவில்லை.

நடந்ததைத்தான் எழுதிவிடுவோமே என்று மருமகளைக் கேட்டேன். "சொல்ல மாட்டேன் மாமா. நீங்க அத ஊதி பலூனாக்கிடுவீங்க. அது அவளோடது" என்று கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆகவே அவள் இன்னும் மைக் முன்னால் நிற்கிறாள், பக்கம் கையில். உதடு பிரியப்போகிறது. என்ன சொன்னாள் என்பதை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்த ஒரே வேலை லவுட்ஸ்பீக்கர் செய்ததுதான், தாளை இடம் மாற்றி வைப்பது. அவன் வழுக்கிச் செய்தான், நான் தெரிந்தே செய்கிறேன். (அவள் அப்பாவை நான் பார்த்ததில்லை. அவருக்குச் சட்டை நான் போட்டுவிட்டது.)

3

மாலை. வாசல் கதவு திறந்தது. அப்பா வந்தார். விரலிடுக்குகளில் வில்லை தேய்த்த வெள்ளைத் தூள். மேசையில் படித்துக்கொண்டிருந்த மகள் நிமிரவில்லை. அவர் வந்த வேகத்தில் அவள் மூக்கிலிருந்து கண்ணாடியை உருவினார். எழுத்தெல்லாம் கரைந்துபோயிற்று.

"அப்பா, குடுங்கப்பா! படிச்சிட்டிருக்கேன்ல."

"கிழிச்ச. இவ்வளவு அழுக்குல எழுத்து தெரியுதா உனக்கு? என் மானத்த வாங்கறதுக்குன்னே இத மாட்டிட்டு ஊர் சுத்தறியா?"

இரண்டு பக்கமும் வாயால் ஊதினார். சட்டை நுனியால் சுழற்றிச் சுழற்றித் துடைத்தார். விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார். திருப்தியில்லை. கட்டைவிரல் ரேகை இருந்த இடத்தை மறுபடி ஒரு முறை துடைத்தார்.

"ம். இப்ப பாரு."

காதில் கண்ணாடி ஏறியது. அவள் நிமிர்ந்தாள். எதிரே அப்பா, ஒவ்வொரு முடியும் தனித்தனியாகத் தெரிய,