வெண்ணெய் வாசனை

அண்ணன் பெட்டியில் போட்டுக்கொண்டு போக வேண்டிய வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் முக்கால் கிளாஸ் பீரைக் கவிழ்த்துவிட்டு, பதறிப்போய் கைக்குக் கிடைத்த துணியால் துடைத்த பிறகுதான், அந்தத் துணி அண்ணனுடைய டை என்பது சின்னவருக்குத் தெரிந்தது.

"சித்தப்பா!" அண்ணன் மகள் வாசற்படியில் நின்றாள். "என்ன பண்றீங்க?"

"கலர் பாத்தேம்மா."

"எதோட கலர்?"

"பீரோட கலர். வெள்ளைக்கு முன்னால பிடிச்சுத்தான் பாக்கணும்னு உங்கப்பா சொல்லிக் குடுத்திருக்கார். இந்த வீட்டுல இவ்வளவு வெள்ளையா வேற எதுவும் கண்ணுல படல."

அவள் சட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகத்தில் கோபம் வருமா வேறு ஏதாவது வருமா என்று அவளுக்கே தெரியாதது போலிருந்தது. கடைசியில், "சரி, கலர் எப்படி?" என்றாள்.

"செம்பு மாதிரி. நல்லாதான் இருக்கு."

"இப்ப சட்டையும் அப்படித்தான் இருக்கு. குடுங்க இப்படி. வேற சட்டை தேடறேன். நீங்க தயவுசெஞ்சு எதையும் தொடாம ஒரு மூலையில உக்காருங்க."

தொடாமல் உட்கார முடியாதே என்பதுதான் சின்னவரின் சங்கடம். காலையில் அண்ணி அவரைக் கூப்பிட்டு, "அடக்கம் முடிஞ்சு வீட்டுக்கு வர்றவங்களுக்கு அவர் கடைசியா போட்ட பீரை ஆளுக்கு ஒரு கிளாஸ் குடுக்கணும் தம்பி. சரியா இருக்கான்னு மட்டும் ஒரு வாய் பாத்துடுங்க" என்று சொல்லியிருந்தாள். சொன்னவள் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள். சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது எப்பேர்ப்பட்ட காரியம் என்பது அவளுக்கென்ன தெரியும்?

சின்னவர் கண்ணாடிக் கடைக்காரர். வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, மூக்கின்மேல் சட்டத்தை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றி, "இது தெளிவா? அது தெளிவா?" என்று நாள் முழுக்கக் கேட்கிறவர். கொஞ்ச நேரம் சரியாகச் சொல்கிறவர்கள், போகப்போகக் குழம்பி, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்பார்கள். சொந்தக் கண்ணில் என்ன தெரிகிறது என்றுகூடவா ஒரு மனிதனுக்குச் சொல்லத் தெரியாது என்று உள்ளுக்குள் சலித்துக்கொள்வார். இப்போது கொல்லைப்புறக் கொட்டகையில், குளிர்ப்பெட்டிக்குள் இருந்த சின்னப் பீப்பாயின் முன்னால் குந்திக்கொண்டு, அவரே அந்த நாற்காலிக்கு வந்து சேர்ந்திருந்தார். முதல் வாய் அருமையாக இருந்தது. இரண்டாவது வாய் சந்தேகமாக இருந்தது. மூன்றாவது வாயில் பல் தேய்த்த பசையின் ருசிதான் தெரிந்தது.

அண்ணன் தெருமுனை மதுக்கூடத்துக்கு பீர் வடித்தவர். அதிலும் அமெரிக்க பாணியில் செம்பு நிறமாக வடிக்கும் 'ஆம்பர் ஏல்' பீர் என்றால் அவர்தான் என்று ஊரில் பேச்சு. நோய்க்குக் கொடுத்த மருந்து முதலில் அவர் நாக்கைத்தான் கொண்டுபோனது. "எதை வாயில வெச்சாலும் இரும்புச் சாவியை நக்கின மாதிரி இருக்குடா" என்றார். அப்படியும் சும்மா இருக்கவில்லை. கொட்டகையில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, தம்பியைக் கையாகவும் காலாகவும் வைத்து ஒரு பானை ஆம்பர் போட்டார். பிறகு நாக்காகவும் வைத்துக்கொண்டார்.

அது போன வாரம்.

"முதல்ல பாரு. அப்புறம் மோந்து பாரு. வாய் கடைசியிலதான்."

"மோந்து பாருன்னா? நான் என்ன போலீஸ் நாயாண்ணே?"

"போலீஸ் நாய் இவ்வளவு பேசாது. சொல்லு, என்ன வாசனை?"

"கருகின சர்க்கரை."

"கருகினதா? பொன்னா வறுத்ததா?"

"ரெண்டுக்கும் நடுவுல."

"உன் கடைக்கு வர்றவன் இப்படிச் சொன்னா நீ என்னடா பண்ணுவே?"

"இருக்கறதுலயே தடிமனா ஒண்ணை மாட்டி அனுப்பிடுவேன்."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க நேரமாயிற்று. பிறகு கண்ணை மூடிக்கொண்டு, "மேல சொல்லு" என்றார். சின்னவர் கிளாஸுக்குள் மூக்கை விட்டார். வறுத்த ரொட்டி. ஆரஞ்சுத் தோல். அப்புறம், புதிதாக வாங்கி இன்னும் யாரும் உட்காராத மேஜை நாற்காலிகளின் பைன் மர வாசனை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, அண்ணனின் முகம் எங்கோ இருந்த ருசியின் பக்கம் திரும்புவது போலிருந்தது.

"ஆரஞ்சும் பைனும் நாம போட்ட ஹாப்ஸ் பூவோட வாசனை. அமெரிக்கப் பூ. அது இல்லேன்னா இது வெறும் சிவப்புத் தண்ணி. கசப்பு எப்படி?"

"முதல்ல இனிப்புதான் வருது. அப்புறம் கசப்பு வந்ததும், வீட்டுக்காரரைப் பாத்த குடித்தனக்காரன் மாதிரி இனிப்பு ஒதுங்கி நின்னுக்குது. ஆனா வெளிய போகல."

"அப்படித்தான் இருக்கணும். வேற?"

அப்போதுதான் அது அகப்பட்டது. சின்னவர் கிட்டத்தட்டக் கத்தினார். "வெண்ணெய்! சூடா வறுத்த ரொட்டியில வெண்ணெய் தடவின மாதிரி! பிரமாதம்ண்ணே!"

அண்ணன் கண்ணைத் திறந்தார். "வெண்ணெயா?"

"சுத்தமான வெண்ணெய்."

அண்ணன் கொட்டகையின் சின்ன ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பார்ப்பதற்கு அப்படி ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுச் சுவர்தான். பிறகு சொன்னார்: "சரி. நாளைக்கே பீப்பாய்க்கு மாத்திக் குளிர்ல வெச்சுடு."

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுடா."

வகுப்பில் முதன்முறையாகச் சரியான விடை சொன்ன பையனைப் போல சின்னவர் வீட்டுக்குப் போனார். மனைவியிடம்கூடச் சொன்னார், தன் மூக்கு இத்தனை நாள் வெறுமனே கண்ணாடி தாங்கிக்கொண்டிருந்தது என்று.

இப்போது கொட்டகை வாசல் இருட்டியது. நெட்டையர் குனிந்து உள்ளே வந்தார். வேறொரு மதுக்கூடத்தில் பீர் வடிப்பவர், போட்டிகளில் நடுவர். அண்ணனுக்கு எதிரி, சிநேகிதன் இரண்டும் அவர்தான். கறுப்புக் கோட்டு அவருக்கு எப்போதோ தைத்தது. கை மணிக்கட்டுக்கு முன்பே நின்றுவிட்டது.

"சின்னவரே, இங்க என்ன தனியா?"

"நல்ல வேளை வந்தீங்க. இதைக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க. வர்றவங்கள்ல பாதிப் பேர் உங்க கூட்டம். அண்ணன் பேர் கெட்டுடக் கூடாது."

நெட்டையர் கிளாஸை வெளிச்சத்துக்குத் தூக்கினார். வெண்மை குறைந்த நுரை கிளாஸின் ஓரத்தில் அழகாகப் படிந்து நின்றது. தலையை ஆட்டினார். மூக்கருகே கொண்டுபோனார். அங்கே ஒரு கணம் எல்லாம் நின்றது. பிறகு ஒரு வாய் குடித்து, மெதுவாக விழுங்கி, "சுவாரஸ்யமா இருக்கு" என்றார்.

இந்தக் கூட்டத்தில் சுவாரஸ்யம் என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அழகில்லாத குழந்தையைப் பார்க்கப் போனவர்கள், 'நல்லா ஆரோக்கியமா இருக்கு' என்று சொல்லிவிட்டு வருவதைப் போல.

"என்ன தப்பு? சொல்லுங்க."

"இன்னைக்கு எதுக்கு அதெல்லாம்..."

"வெண்ணெய் வாசனை வருதா இல்லையா? அதையாவது சொல்லுங்க."

"அதான் விஷயமே" என்றார் நெட்டையர்.

"வெண்ணெய் நல்லதுதானே?"

"பன்னுல நல்லது." நெட்டையர் ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார். "புளிக்கும்போது ஈஸ்ட் கொஞ்சம் வெண்ணெய் வாசனையை உண்டுபண்ணும். இளஞ்சூட்டுல இன்னும் கொஞ்ச நாள் பொறுமையா விட்டா, தான் பண்ணினதைத் தானே தின்னு தீத்துடும். அதுக்குள்ள குளிர்ல வெச்சா ஈஸ்ட் தூங்கிடும். வாசனை அப்படியே தங்கிடும். இது நாங்க படிக்கிற முதல் பாடம். யார் குளிர்ல வெச்சது?"

"நான்தான்."

"ஓ." நெட்டையரின் முகத்தில் நிம்மதி தெரிந்தது. "அதனாலென்ன, உங்களுக்கு எப்படித் தெரியும், பாவம்."

"அண்ணன் சொல்லித்தான் வெச்சேன்."

நிம்மதி போய்விட்டது. "அவன்கிட்ட வெண்ணெய்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். பாராட்டி வேற சொன்னேன்."

நெட்டையர் கிளாஸைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். "மருந்து சாப்பிட்டா மூளை கொஞ்சம் மந்தமாகும். மறந்திருப்பான்."

"அன்னைக்கு சாயங்காலம்தான் என்னைச் சதுரங்கத்துல தோக்கடிச்சார்."

"உங்களைத் தோக்கடிக்க..." என்று தொடங்கிய நெட்டையர், நாளும் இடமும் ஞாபகம் வந்தவர்போல நிறுத்திக்கொண்டார்.

"சரி, ஊத்தலாமா வேண்டாமா?"

"அது குடும்பத்து விஷயம்" என்று எழுந்தவர், நிலையில் தலையை இடித்துக்கொண்டு வெளியே போனார்.

கல்லறைக்கு வண்டியில் போகும்போது அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பெட்டியில் அண்ணன் நீலச் சட்டையோடு, டை இல்லாமல், வாழ்நாளில் இருந்ததைவிடச் சௌகரியமாகப் படுத்திருந்தார். சின்னவரின் தலைக்குள் வில்லைகள் மாறிக்கொண்டே இருந்தன. அண்ணனுக்குத் தான் சொன்னது காதில் விழவில்லையா? விழுந்தும் புரியவில்லையா? தம்பி மூக்கை யார் நம்புவது என்று விட்டுவிட்டாரா? அல்லது சலித்துப்போய், எக்கேடோ கெட்டுப் போகட்டும் என்று சொன்னாரா? பீர் விஷயத்தில் ஒருநாளும் சலிக்காத மனிதர். எதை மாட்டினாலும் எழுத்து மங்கலாகவே தெரிந்தது.

"உங்கப்பா கடைசி வாரம் தெளிவாதானே இருந்தார்?"

"தெளிவாதான் சித்தப்பா. நோய் எவ்வளவு தூரம் போயிடுச்சுன்னு மட்டும் அவருக்குத் தெரியாது. நாமதான் யாரும் சொல்லலையே. டாக்டர்கிட்டகூட சொல்லி வெச்சோமே."

ஆமாம், யாரும் சொல்லவில்லை. அந்த நாடகத்தில் பெரிய வேஷமே சின்னவருடையதுதான். தினம் ஒரு சிரிப்போடு வாசலில் நுழைவார். அடுத்த மாதம் தருவதாகச் சொல்லி, புதுக் கண்ணாடிக்கு அண்ணனின் கண்ணைச் சோதித்து அளவெல்லாம்கூட எடுத்தார். அண்ணனும் சட்டங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது போட்டா வயசு தெரியாது" என்று ஒன்றை எடுத்து வைத்தார். அண்ணியைக் கேட்டால், எந்த நாளும் ஒரே பதில்தான்: "இன்னைக்குப் பரவாயில்ல தம்பி." கடைசி நாள் காலையிலும் அதையேதான் சொன்னாள்.

மண் போட்டார்கள். யாரோ நாலு வார்த்தை பேசினார்கள். சின்னவரின் காதில் எதுவும் ஏறவில்லை.

திரும்பி வந்தபோது கூடம் நிறைந்திருந்தது. பீர் ஆட்கள் ஒரு மூலையில் கூடி, கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார்கள். அவர்கள் மூக்குகளை எல்லாம் சின்னவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் பழகிய மூக்குகள். பீப்பாயைக் கீழே கொட்டிவிட்டு, குழாய் ரிப்பேர் என்று சொல்லிவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

சமையலறைக்குப் போனார். அண்ணி தொட்டியருகே கிளாஸ்களை அலசிக்கொண்டிருந்தாள்.

"எல்லாரும் வந்துட்டாங்க தம்பி. ஊத்த ஆரம்பிங்க."

"அண்ணி, அதுல ஒரு சின்ன..."

"வெண்ணெய் வாசனை. தெரியும்."

"நெட்டையர் சொன்னாரா?"

"உங்கண்ணன் சொன்னார். நீங்க சொல்லிட்டுப் போன அன்னைக்கே. 'வெண்ணெய்ங்கறான், அதையும் எவ்வளவு சந்தோஷமா சொல்றான் தெரியுமா'ன்னு சிரிச்சுட்டே இருந்தார்."

"தப்புன்னு தெரிஞ்சும் குளிர்ல வெக்கச் சொன்னாரா? ஏன் அண்ணி?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு தம்பி?"

"எனக்கு ஒண்ணும் புரியல அண்ணி. காலையிலேர்ந்து ஒருத்தரும் நேரா பதில் சொல்ல மாட்டேங்கறாங்க. நீங்களாவது சொல்லுங்க."

அண்ணி குழாயை மூடினாள். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, முதல்முறையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"நானும் அதைத்தான் கேட்டேன். இன்னும் கொஞ்ச நாள் விட்டா வாசனை போயிடும்னார். அப்ப விடுங்களேன்னேன். 'அதுவரைக்கும் நான் இருக்க மாட்டேன். அப்புறம் அவன் தனியா முடிக்கணும். ஏதாவது கெட்டுப்போச்சுன்னா காலம் பூரா தன்னாலதான்னு நினைச்சுட்டிருப்பான். இப்பவே முடிச்சுட்டா தப்பு என்னோடதாப் போயிடும்'னார்."

கூடத்தில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

"அப்ப அவருக்கு..."

"தெரியும் தம்பி. நமக்கெல்லாம் முன்னாலயே தெரியும். நாம மறைக்கறதும் தெரியும்."

அவள் கிளாஸ்களைத் தட்டில் அடுக்கி அவர் கையில் கொடுத்தாள். சின்னவர் தட்டை வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனார். பீப்பாயின் குழாயைத் திறந்து முதல் கிளாஸை நிரப்பி, வாயில் வைக்காமல் மோந்து மட்டும் பார்த்தார்: சுத்தமான வெண்ணெய்.