பழைய துளைக்கு ஏற்ற அடுப்பு

என் கணவர் தன்னூஸுக்குக் கண்ணாடிக் கதவு வைத்த அடுப்புதான் வேண்டும். எங்கள் மலையூருக்குக் கீழே, பத்ரூன் சாலையில் புலோஸின் அடுப்புக் கடைக்குள் நுழைந்த நிமிடத்திலிருந்து அதன் முன்னாலேயே நின்றார்.

"பாரு வர்தே, நெருப்பு எரியறது உள்ள தெரியும். கரண்ட் போனா டிவிக்குப் பதிலா இதையே பாத்துட்டு உக்காந்துக்கலாம்."

"நம்ம வீட்டுல கரண்ட் எப்ப இருந்துது, போறதுக்கு?" என்றேன்.

டீசல் விற்கிற விலையில் காலையில் ஒரு மணி நேரம்தான் அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டரைப் போட முடிகிறது. மற்ற நேரத்துக்கு உட்காரும் அறையில் ஒரு விறகடுப்பு வைத்துவிடலாம் என்று முடிவு செய்திருந்தோம். ஓக் விறகு இருக்கிறது, தோட்டத்தில் வெட்டிய ஆப்பிள் கிளைகளும் இருக்கின்றன. அடுப்புதான் இல்லை. இருந்த அடுப்பு பதினோரு வருடங்களுக்கு முன்னால் பழைய இரும்புக்காரனின் வண்டியில் ஏறிப் போய்விட்டது. ஏற்றி அனுப்பியது சாட்சாத் என் வீட்டுக்காரர்தான்.

அந்த அடுப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. நான் கல்யாணமாகி வந்த குளிர்காலத்தில் அந்த வீட்டில் எனக்கு முதலில் பிடித்துப்போனது அதுதான், தன்னூஸ் அப்புறம்தான். கறுப்பு இரும்பு, மேலே வளைய மூடிகள், நடுவில் ரொட்டி வேக ஒரு அறை. புகைக்குழாய் முழங்கை போலத் திரும்பும் இடத்தில் கரிச்சாறு சொட்டாமல் இருக்க ஒரு பால் டின்னைக் கட்டித் தொங்கவிட்டிருப்போம். மேலே ஆரஞ்சுத் தோல், பக்கத்தில் ஈரக் காலுறைகள், அடியில் பூனை. மூத்தவன் சர்க்கீஸும் மற்ற இரண்டு பிள்ளைகளும் சண்டை போட்டுக்கொண்டே வீட்டுப்பாடம் எழுதியது அங்கேதான். ரேடியேட்டர் வந்ததும் ஒவ்வொரு அறையும் சூடாயிற்று. ஆளுக்கொரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். பிறகு மூன்று பேரும் சிட்னிக்கே போய்விட்டார்கள். அது ரேடியேட்டரின் குற்றம் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அதன் மேல்தான் கோபம் வருகிறது.

அந்த அடுப்பின் குழாய் எங்கள் அறைக் கூரையைத் துளைத்து மாடிக்குப் போய், அங்கே ஒரு அறையைச் சுற்றித்தான் வெளியே போகும். மாடியில் தன்னூஸின் அண்ணன் ஷிப்லி இருக்கிறார். கல்யாணம் செய்துகொள்ளாதவர். எங்கள் நெருப்பில்தான் அவர் குளிர் காய்ந்தார். கீழே உருளைக்கிழங்கு சுட்டதும் தன்னூஸ் கரண்டியால் குழாயை மூன்று முறை தட்டுவார். ஷிப்லி மேலேயிருந்து மூன்று தட்டுவார், உடனே வெளிப்படியில் செருப்புச் சத்தம் கேட்கும். அடுப்பைத் தூக்கிப் போட்டபோது தன்னூஸ் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாடிக்கும் இரண்டு ரேடியேட்டர் வாங்கித் தருகிறேன் என்று பிறகு போய்ச் சொன்னாராம். "என் சூட்டைக் கேக்காம எடுத்துட்டு, இப்ப புதுசு காட்டுறியா?" என்றாராம் அவர். அன்றிலிருந்து பேச்சு இல்லை. என்னிடம் பேசுவார், நான் கறியும் கோதுமையும் இடித்துச் செய்து கொண்டுபோய்க் கொடுக்கும் கிப்பேயைச் சாப்பிடுவார், கீழே மட்டும் காலெடுத்து வைக்கமாட்டார். எழுபது வயதில் ஒரு கேஸ் ஹீட்டரைக் காலுக்கிடையில் வைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருக்கிறார்.

நான் கைப்பையிலிருந்து நூலை எடுத்தேன். கூரைத் துளையை மூடியிருக்கும் தகரத்தை, தன்னூஸ் இல்லாத நேரத்தில் ஏணி போட்டு அளந்த நூல்.

"இந்த அளவுக்குக் குழாய் போற அடுப்பு எது, புலோஸ்?"

புலோஸ் நூலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சர்க்கீஸ் அம்மா, ஊரே அடுப்பைப் பாத்துட்டுத்தான் குழாய் வாங்கும். நீங்க குழாயைப் பாத்து அடுப்பு வாங்குறீங்களே!"

"எது, சொல்லுங்க."

மூலையில் இருந்த பெரியதைக் காட்டினார். கறுப்பு இரும்பு, வளைய மூடிகள், நடுவில் ரொட்டி அறை. "இது ஒண்ணுதான். ஆனா உங்க ரூமுக்கு இது ரொம்பப் பெருசும்மா. ஜனவரியில ஜன்னலைத் திறந்து வச்சுட்டு உக்காருவீங்க."

தன்னூஸுக்கு அப்போதுதான் புரிந்தது. முகம் சிவந்தது. "அண்ணன் அந்தத் துளையைத் திறக்கமாட்டான், வர்தே. எதுக்கு வீண் வேலை?"

"நீ கேட்டியா?"

"நான் எதுக்குக் கேக்கணும்?"

"அவரைக் கேக்க வேணாம்னா, கண்ணாடி அடுப்புக்கு மட்டும் என்னை எதுக்குக் கேக்கிறே?"

பெரியதையே வாங்கினோம்.

திருச்சிலுவைத் திருநாளுக்கு மறுவாரம், செப்டம்பர்க் குளிர் தொடங்கியபோது, புலோஸ் அதைக் கொண்டுவந்து இறக்கினார். நான் மாடிக்கு ஓடினேன். ஷிப்லி கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். துளையின் மேல் ஒரு மரப்பெட்டியே வைத்திருந்தார்.

"அண்ணே, அந்தப் பெட்டியை நகத்துங்க. குழாய் வருது."

"என் ரூமுல இனி யார் குழாயும் வேணாம்மா. ஜன்னல் வழியா விடச் சொல்லு."

"உங்களுக்காகத்தான் பெரிய அடுப்பா வாங்கினோம்."

"யாரு வாங்கினது? நீ. அவன் இல்ல." முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

இறங்கி வந்தேன். என் முகத்தைப் பார்த்தே தன்னூஸுக்குத் தெரிந்துவிட்டது. "நான்தான் சொன்னேனே," என்றார். புலோஸ் கதவருகில் நின்று ஜன்னலை அளக்க ஆரம்பித்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இந்தக் குளிரையும் அந்த மனுஷன் கேஸ் ஹீட்டரோடு தாண்டுவாரா என்ற பயம் அதில் பாதி.

"கண்ணாடி அடுப்பையே வாங்கியிருக்கலாம்," என்றேன். "நீயும் உன் ரோஷமும் அதைப் பாத்துட்டு உக்காந்திருக்கலாம்."

தன்னூஸ் அடுப்பருகே போனார். அடுப்பின் வளைய மூடி ஒன்றைத் தொட்டுப் பார்த்தார். ரொட்டி அறைக் கதவைத் திறந்தார், மூடினார். பிறகு மூலையில் இருந்த துடைப்பத்தை எடுத்து, தலைகீழாகப் பிடித்து, கூரைத் தகரத்தில் மூன்று முறை தட்டினார்.

மேலே ஒரு சத்தமும் இல்லை. புலோஸ் அளக்கும் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். தன்னூஸ் துடைப்பத்தை இறக்கவில்லை.

பிறகு பெட்டி தரையில் உராயும் சத்தம் கேட்டது. தகரம் விலகியது. பதினோரு வருடக் கரி தன்னூஸின் தலையிலும் மூக்கிலும் கொட்டியது.

துளைக்குள் ஷிப்லியின் தாடி தெரிந்தது. "பெருசா, சின்னதா?"

"பெருசுதான்," என்றார் தன்னூஸ், இருமிக்கொண்டே. "ரொட்டி அறையும் இருக்கு. அண்ணே... அன்னிக்கு உன்னக் கேட்டிருக்கணும்."

"ஆமா, கேட்டிருக்கணும்." தாடி இன்னும் கீழே குனிந்தது. "மூடியத் தூக்கக் கொக்கி இருக்கா?"

புலோஸ் நெற்றியில் அடித்துக்கொண்டார். கொக்கியைக் கடையிலேயே மறந்துவிட்டாராம்.

வெளிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ஷிப்லி வாசலில் வந்து நின்றார். கையில் எங்கள் பழைய அடுப்பின் கொக்கி, பிடியில் சுற்றிய நீலத் துணி கூட அப்படியே.

"அன்னிக்குப் பழைய இரும்பு வண்டிக்காரன்கிட்ட இத மட்டுந்தான் புடுங்க முடிஞ்சுது," என்றார். கரி பூசிய தம்பியின் மூஞ்சியைப் பார்த்தார். "கழுதை. போய் மூஞ்சியக் கழுவு."

மாலைக்குள் குழாய் மாடிக்கு ஏறிவிட்டது. உருளைக்கிழங்கு சுட்டேன். புலோஸ் சொன்னது சரிதான், அந்த அறைக்கு அது பெரிய அடுப்பு. மூன்று பேருக்கும் வேர்த்து வழிந்தது. யாரும் எழுந்து போய் ஜன்னலைத் திறக்கவில்லை.